எல்மர் குவிஸ்ட் நலமாக இருக்கிறார்

"தம்பி, மையத்த எத்தின மணிக்கு எடுக்கிற?"

கலையகத் தொலைபேசியில் வந்த முதல் நேயரின் முதல் கேள்வியே இப்படிப் பிரேதத்தைப் பற்றித்தான். ஜெமீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜாஸ் இசை அருமை என்று யாராவது புகழ்வார்கள், அல்லது இதென்ன சத்தம், நிப்பாட்டு என்று ஏசுவார்கள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். இரண்டுக்கும் பதிலை யோசித்து வைத்திருந்தான்.

"எந்த மையத்து காக்கா?" என்று அந்த அண்ணனைக் கேட்டான்.

"என்ன தம்பி, இப்பதானே நீங்க வாசிச்சீங்க. சிக்காகோவில பொறந்த மனிசன். பாவம், பொஞ்சாதி, தம்பியெல்லாம் இரிக்காங்க எண்டீங்களே."

"அவரு மௌத்தாகல்ல காக்கா. அவரு சாக்ஸபோன் வாசிக்கிறவரு. இந்தா, இப்ப போறது அவரு வாசிச்சதுதான்."

"ஓம் ஓம், கேக்குது. நல்ல மனிசனாத்தான் இரிந்திரிப்பாரு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஜெமீல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். ஒலிக் கட்டுப்பாட்டாளர் அஸ்கி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகளைப் பெற்ற மனிதன், பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தான்.

ஜெமீலின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கல்முனையில் இருந்து ஒலிபரப்பாகும் சோளகம் வானொலியில் அவன் வருடக்கணக்காக மரண அறிவித்தல் வாசித்து வந்தான். சினிமாப் பாட்டுக்கு ஒருவர், சமையல் குறிப்புக்கு ஒருவர், பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒருவர் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு நிகழ்ச்சி இருந்தது. ஊரில் யார் மௌத்தானாலும் அதைச் சொல்வதற்கு மட்டும் ஜெமீல்.

பேக்கரிக்குப் போய் ஒரு ராத்தல் பாண் கேட்டால், கடைக்காரர் அந்தக் குரலைக் கேட்ட பழக்கத்தில் முதலில் "இன்னாலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத்தான் பாணை எடுப்பார். மாமியார் அவனுடைய அழைப்பை எடுப்பதே இல்லை. என்ன விசயமென்றாலும் மகளைக் கொண்டு சொல்லும்படி ஏற்பாடு. ஜெமீலுக்கு இது பெரிய மனவருத்தம். தன்னுடைய குரலில் ஒரு சந்தோசமான செய்தியை ஊர் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவன் உள்ளுக்குள் ஏங்கினான்.

அப்படியிருக்க, போன வருடம் ஒரு விடுதியின் விளம்பரத்தை ஒலிப்பதிவு செய்ய அறுகம்பேக்குப் போனான். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கடற்கரையில் நின்று சாக்ஸபோன் வாசித்தாள். ஜெமீல் கேட்டுக்கொண்டு நின்றான், நின்றான், கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வானொலிக்காரர் என்றால் இசைக் கம்பனிகள் புதிதாக வெளிவருகிற ஜாஸை இலவசமாகவே அனுப்பும், எழுதிப் பாருங்கள் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். எழுதினான். வந்தது. இன்று வெளியான இசை நாளைக்குக் கல்முனையில் இருந்தது. கேட்பதற்குத்தான் ஜெமீலைத் தவிர ஆள் இல்லை.

வானொலியின் சொந்தக்காரர் முகைதீன்பாவா ஹாஜியார். கீழே இரும்புக் கடை, மேலே வானொலி, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. ஜெமீல் அவரிடம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"உன்ட குரலுக்கு மௌத்து அறிவித்தல்தான்டா சரி."

அது ஜெமீலின் நெஞ்சில் குத்தும். தன்னுடைய குரலுக்கு ராசி இல்லை என்பதைத்தான் மனிதர் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வான். கடைசியில் அவனுடைய அரியண்டம் தாங்காமல் ஹாஜியார் இறங்கி வந்தார்.

"சரி, ஒரே ஒரு புதன்கிழம தாறன். அஸர் தொழுகைக்குப் பொறகு ஒரு மணித்தியாலம். ஒரு முறைப்பாடு வந்தாலும் அதோட முடிஞ்சிது. பொறகு இந்தக் கதைய நீ எடுக்கப்படாது."

இன்றுதான் அந்தப் புதன்கிழமை.

"காக்கா, நீங்க அந்த மனிசன எப்பிடி அறிமுகம் செஞ்சீங்க எண்டு ஒருக்காக் கேளுங்க" என்று அஸ்கி பதிவை ஓடவிட்டான்.

ஜெமீலின் கணீரென்ற குரல் வந்தது. "அமெரிக்காவின் சிக்காகோ நகரைப் பிறப்பிடமாகவும், டென்மார்க்கின் கொபன்ஹேகனை வதிவிடமாகவும் கொண்ட எல்மர் குவிஸ்ட் அவர்கள். அன்னார், பியானோக் கலைஞர் ஆன்னா அவர்களின் அன்புக் கணவரும், ட்ரம்ஸ் கலைஞர் வில்லி அவர்களின் பாசமிகு சகோதரரும் ஆவார். அன்னாரின் புதிய இசைத்தொகுப்பு நேற்று வெளியானது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஜெமீலுக்கு வியர்த்தது.

"ஏற்றுக்கொள்ளுமாறும் சொன்னனா?"

"சொன்னீங்க."

ஒரு மனிதரை அறிமுகம் செய்ய அவனுடைய வாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். போதாக்குறைக்கு, சோளகம் வானொலியில் மரண அறிவித்தலுக்கு முன்னால் மெல்லிய இசை கொஞ்சம் போவது வழக்கம். எல்மர் குவிஸ்டின் சாக்ஸபோனோ அதைவிட மெதுவாக, அதைவிட நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. இசை நீளமென்றால் ஆளும் பெரிய ஆள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. நற்பிட்டிமுனையில் இருந்து அழகரெத்தினம் என்பவர் கதைத்தார்.

"தம்பி, கேட்டதும் கை கால் ஓடல்ல. அந்த மனிசன எனக்கு நல்லாத் தெரியும். பொத்துவிலுக்குப் போகக்குள்ள என்ட ஆட்டோவிலதான் ஏறினவர். கையில பெரிய குழல் ஒண்டு இருந்தது. தங்கமான மனிசன்."

எல்மர் குவிஸ்ட் இலங்கையின் பக்கமே வந்ததில்லை. ஜெமீல் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அழகரெத்தினம் விம்மத் தொடங்கிவிட்டார். தொடர்ந்து சம்மாந்துறையில் இருந்து ஒருவர், தானும் எல்மரும் கட்டாரில் ஒரே கம்பனியில் வேலை செய்ததாகச் சொன்னார்.

"இது சரிவராது. நேரடியாச் சொல்லிப் போடுறன்" என்று ஜெமீல் மைக்கைத் திறந்தான்.

"அன்பான நேயர்களே, எல்மர் குவிஸ்ட் அவர்கள் நலமாக இருக்கிறார் என்பதை ஆழ்ந்த..."

அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ஆழ்ந்த என்று தொடங்கினால் துயரத்துடன் என்றுதான் அது இத்தனை வருடமும் முடித்திருக்கிறது. ஜெமீல் அந்தச் சொல்லைப் பல்லைக் கடித்து விழுங்கினான், எச்சிலையும் விழுங்கினான், பிறகு மெதுவாக, "மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்" என்று முடித்தான்.

அந்தச் சின்ன இடைவெளி போதுமாக இருந்தது.

"ஜெமீல் தம்பி, மறைக்காதீங்க" என்றது ஒரு பெண் குரல். "நலமா இரிக்காரு எண்டு சொல்லக்குள்ள ஒங்களுக்குத் தொண்ட அடைக்கிதே. ஆசுபத்திரியிலயா? மெசினிலயா வெச்சிரிக்காங்க?"

அடுத்த அழைப்பு பள்ளிவாசலில் இருந்து. மஃரிப் தொழுகைக்குப் பிறகு அன்னாரின் சுகத்துக்காக விசேட துஆ ஓதப்படும் என்று அறிவிக்கலாமா என்று கேட்டார்கள். இப்போது ஊரில் பாதிப் பேர் எல்மரை அடக்கக் காத்திருந்தார்கள், மீதிப் பேர் அவரைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள்.

"காக்கா, கொஞ்சம் துள்ளலா ஒண்டப் போடுங்க. அதக் கேட்டா ஆக்களுக்கு விளங்கும்" என்றான் அஸ்கி.

நல்ல யோசனைதான். எல்மரின் குழுவில் ட்ரம்பட் வாசிக்கும் நீனா என்ற பெண்ணின் இசை இருந்தது. கேட்டால் காலே சும்மா நிற்காது. ஜெமீல் அதைப் போட்டான். இந்த முறை மிகவும் கவனமாக, சொல்லுக்குச் சொல் யோசித்து அறிமுகம் செய்தான்.

"இதை வாசிப்பவர் நீனா அவர்கள். இவர் நோர்வேயின் ஒஸ்லோவைப் பிறப்பிடமாகவும்..."

அஸ்கி கண்ணாடியில் படபடவென்று தட்டினான். ஆனால் பிறப்பிடம் புறப்பட்டால் வதிவிடத்தில் போய்த்தான் நிற்கும். கொபன்ஹேகனை வதிவிடமாகவும் கொண்டு, இரட்டைப் பிள்ளைகளின் பாசமிகு தாயாராகவும் ஆகித்தான் நீனா ஓய்ந்தார்.

"ரெண்டாவது ஆளுமா?" தொலைபேசியில் வந்தவர் அலறினார். "ஒரே ஊரு ஆக்கள். வேனா, பஸ்ஸா தம்பி? ட்ரைவர் நித்திரையாப் போயிட்டானா?"

ஜெமீல் நாற்காலியில் சரிந்தான். அவனுடைய ஒரே புதன்கிழமை கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. ஹாஜியாருக்கு இதற்குள் எத்தனை முறைப்பாடு போயிருக்குமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"அஸ்கி, இனி நான் மைக்கைத் தொட மாட்டன். நீ கதை."

"நானா? வீட்டில பொஞ்சாதிக்கு முன்னாலயே நான் கதைக்கிறல்ல காக்கா."

"அதான் சரி. ஒனக்கு மௌத்து வாசிச்ச பழக்கம் இல்ல."

அஸ்கி மைக்கின் முன் உட்கார்ந்தான். "அடுத்தது... அடுத்ததாக... ஒரு... ம்..." என்றவன், அதற்கு மேல் முடியாமல் இசையை ஓடவிட்டு எழும்பிவிட்டான்.

உடனே ஜெமீலின் கைத்தொலைபேசி அடித்தது. அவனுடைய மனைவி றாஹிலா.

"இஞ்ச பாருங்க, ஒங்களுக்கு என்ன? ஒங்களால கதைக்க ஏலாமப் போய், வேற ஆள் வந்து, அவரும் அழுதுட்டுப் போனாராமே. இந்தத் தெரு முழுக்க இதான் கதை. இவ்வளவு நெருங்கின கூட்டாளிமாரு இரிந்தத எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களா?"

"ஒத்தரும் மௌத்தாகல்ல புள்ள! இது ஜாஸ்!"

"ஜாஸ் எண்டா என்ன வருத்தம்? தொத்துற நோயா?"

ஜெமீல் மூச்சை இழுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் கொட்டினான். மறுபக்கத்தில் அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"சரி, சிரிக்கல்ல. ஆனா உம்மா பாணும் சம்பலும் கட்டிக்கிட்டு அங்கதான் வாறா. என்ன செஞ்சும் மறிக்க ஏலாமப் போயிட்டு."

அவன் ஜன்னலைத் திறந்து பார்த்தான். இரும்புக் கடைக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. அதிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வாடகைக் கதிரைக்காரர் றமீஸ், வெயில் படாத பக்கமாகப் பார்த்து வரிசை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் வேன். அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு ஆயத்தமாக இருந்தது. யாரோ ஒருவர் பெரிய கேத்தலில் பிளேன்டித் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். ஆட்கள் குனிந்த தலையோடு உட்கார்ந்து, கடை வாசலில் வைத்த வானொலிப் பெட்டியில் அஸ்கி ஓடவிட்ட இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மையத்து எயார்போட்டால வருதா, ரோட்டால வருதா?" என்று றமீஸ் கீழே இருந்து கத்தினார். "பந்தலும் போடணுமெண்டா இப்பவே சொல்லுங்க!"

ஜெமீல் ஜன்னலைச் சாத்தினான். முகந்தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரனுக்காக இந்தச் சனம் கடையைப் பூட்டிவிட்டு வந்து குந்தியிருப்பதைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. இவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"றாஹிலா, நான் என்ன செய்ற?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த மனிசனையே கதைக்கச் சொல்லுங்க."

இவ்வளவு நேரமும் இது ஏன் தோன்றவில்லை? கல்முனையில் தன்னுடைய இசை ஒலிபரப்பாகப் போகிறது என்று கேள்விப்பட்டு எல்மர் குவிஸ்டே நன்றி சொல்லி எழுதியிருந்தார். கீழே இலக்கமும் போட்டிருந்தார். அஸ்கி அந்த அழைப்பை நேரடியாக ஒலிபரப்பில் இணைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கிறாரில்ல" என்று கீழே தெருவில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அப்போது மறுமுனையில் ஒரு மனிதர் ஹலோ என்றார்.

ஜெமீலுக்கு உயிர் வந்தது. தனக்குத் தெரிந்த இங்கிலீசை எல்லாம் திரட்டி, தான் யார் என்பதையும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை ஊருக்கு ஒரு தடவை உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் சொன்னான். எல்மர் குவிஸ்ட் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஒரு வானொலி இப்படிக் கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை போலிருந்தது. பிறகு, தான் உயிரோடுதான் இருப்பதாகவும், பகல் சாப்பாட்டில் இருப்பதாகவும் சொன்னார்.

"நேயர்களே, அவரு உசிரோட இரிக்காரு!" ஜெமீலுக்கு எழுத்துத் தமிழெல்லாம் மறந்துவிட்டது. "சோறு... இல்ல, பாண் தின்னுட்டு இரிக்காரு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்ற சத்தம் தெருவில் இருந்து ஜன்னலையும் தாண்டி வந்தது. ஜெமீல் ஜன்னலைத் திறந்தான். சந்தூக்கு கொண்டுவந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேனின் பின்கதவைச் சாத்திய சத்தம் அவனுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

"பாணுக்கு என்ன கறி எண்டு கேளுங்க!" என்றார் கீழே இருந்து ஒருவர்.

ஜெமீல் கேட்டான். வினாகிரியில் ஊற வைத்த மீன் என்று பதில் வந்தது.

"பச்ச மீனா? பாவம், ஆக்கிக் குடுக்க ஆளில்லயா அந்த மனிசனுக்கு?" என்று மாமியாரின் குரல் கேட்டது. அவர் பாணும் சம்பலும் வைத்த கூடையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

"அந்தப் பொம்புளைக்கு என்ன நடந்த? ரெட்டப் புள்ளையோட தாய்!" என்று இன்னொருவர் நினைவூட்டினார்.

நீனா எல்மரின் வீட்டிலேயே இருந்தார். எல்லோரும் ஒத்திகைக்கு வந்திருந்தார்களாம். நீனா தொலைபேசியை வாங்கித் தானும் பிள்ளைகளும் சுகம் என்றார். மறுபடியும் அல்ஹம்துலில்லாஹ். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்மர் விசாரித்தார். ஜெமீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, ஊர் முழுக்க என்று சொன்னான். அது பொய்யே இல்லை என்பதில் அவனுக்குப் பெரிய சந்தோசம்.

எல்மருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே சாக்ஸபோனை எடுத்தார். நீனா ட்ரம்பட்டை எடுத்தார். தொலைபேசி வழியாக வந்த சத்தம் கரகரத்தாலும் யாரும் எழும்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் இப்போது கதிரையில் சாய்ந்து, காலை நீட்டி, பிளேன்டியோடு கேட்டார்கள். றமீஸின் தலை ட்ரம்பட்டோடு சேர்ந்து ஆடியது. செத்துப் பிழைத்த மனிதனின் இசை என்பதால் அதில் எல்லோருக்கும் ஒரு சொந்தம் வந்திருந்தது.

"மாஷா அல்லாஹ், வருத்தத்தால எழும்பின மனிசனுக்கு என்ன மூச்சு!" என்றார் நலன்புரிச் சங்கத்துக்காரர்.

நிகழ்ச்சி முடிந்தபோது ஜெமீலின் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முகைதீன்பாவா ஹாஜியார் வந்தார். பின்னால் அவருடைய சாரதி நஸீம். ஹாஜியாரின் முகம் இறுகியிருந்தது. ஜெமீல் எழுந்து நின்றான். நாளையிலிருந்து மறுபடியும் பழைய வேலைதான், ஜாஸ் என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது என்று மனதைத் தயார் செய்துகொண்டான்.

"எத்தின முறைப்பாடு?"

ஜெமீல் அஸ்கியைப் பார்த்தான். அஸ்கி தொண்டையைச் செருமினான்.

"கோல் வந்திச்சி ஹாஜியார். நிறைய வந்திச்சி. எல்லாம் அனுதாபந்தான். முறைப்பாடு ஒண்டும் வரல்ல."

ஹாஜியார் அதை யோசித்துப் பார்த்தார். தாடியைத் தடவினார். பேச்சு மாறாத வியாபாரி என்று பெயரெடுத்தவர் அவர்.

"முறைப்பாடு இல்லயெண்டா இல்லதான். அடுத்த புதனும் போடு."

ஜெமீலுக்கு அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. அந்தத் துணிச்சலிலேயே இத்தனை வருடம் வாய்க்குள் கிடந்ததையும் கேட்டுவிட்டான்.

"ஹாஜியார், அப்பிடியே அந்த மௌத்து அறிவித்தல வேற ஆளுக்கிட்டக் குடுங்களேன்."

"அது மட்டும் ஏலா" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஜெமீலின் முகம் தொங்கிப்போனது. ஜாஸ் கிடைத்தாலும் இந்த ராசியில்லாத குரல் என்ற பேர் மட்டும் போகாது போல.

சாரதி நஸீம் அதைக் கவனித்தான். வாசல் வரைக்கும் போனவன் நின்று, கீழே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"கவலப்படாதீங்க காக்கா. வேற ஆளப் போடுவமே எண்டு நானும் ஒருக்காச் சொல்லிப் பாத்தன். 'ஜெமீல் வாசிக்கல்லயெண்டா, நான் மௌத்தானத இந்த ஊரு நம்புமாடா?' எண்டு கேக்காரு."